'மறதி' என்று குறித்ததெல்லாம் மறதியா? 22 பேட்டிகளை கோடிங் செய்த கதை

இப்போது என்ன வேலை ஓடுகிறது என்று கேட்ட ஒருவரிடம் "கோடிங்" என்றேன். "எந்த லாங்வேஜ்ல?" என்றார். "தமிழ்லதாங்க" என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பண்புசார் ஆய்வில் கோடிங் என்றால் வேறு என்று உட்கார்ந்து விளக்க வேண்டியதாகிவிட்டது. மக்கள் பேசியதை எழுத்தாக்கி, வரி வரியாக வாசித்து, இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஓரத்தில் ஒரு சின்னப் பெயர் எழுதி வைப்போம். அந்தப் பெயர்தான் குறியீடு. ஒரே பெயர் விழுந்த இடங்களையெல்லாம் அப்புறம் ஒன்றுகூட்டி அருகருகே வைத்துப் பார்ப்போம். கேட்பதற்கு லேபிள் ஒட்டுகிற வேலை மாதிரி இருக்கும், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன், அதனால்தான் கிட்டத்தட்ட இரண்டு மாத உழைப்பைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது.

ஆய்வு இதுதான். பிரஷர் மாத்திரையைத் தினமும் சாப்பிடச் சொல்லியும் நடுவில் நிறுத்திவிட்ட 22 பேரிடம் பேசினோம். ஒவ்வொரு பேட்டியும் 40 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாமல் உள்ளே இருக்கும் என்பதால் மாத்திரையை விட்டவருக்கு அன்றைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, சேதம் வருவது பல வருடம் கழித்து. நாள்பட்ட நோய்களுக்கான மருந்தை வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் எழுதியது. ஏன் நிறுத்துகிறார்கள் என்பதை எண்ணிக்கையாக இல்லாமல் அவர்கள் வாய்ச்சொல்லாகவே கேட்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கோடிங் செய்தது இரண்டு பேர். நான் ஒருவன். இன்னொருவர் ஆராய்ச்சிக்கு வருவதற்கு முன்னால் பல வருடம் நர்ஸாக இருந்தவர், இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

அழகான எழுத்துப்படிகள்

பேட்டிகளை எழுத்தாக்க வெளியே கொடுத்திருந்தோம். வந்த கோப்புகள் பார்க்க அழகாக இருந்தன, வில்லங்கமே அங்கேதான். ஒலிப்பதிவில் "மறந்துபோச்சுங்க" என்று இருப்பது எழுத்தில் "மறந்துவிட்டேன்" என்று திருத்தமாக உட்கார்ந்திருந்தது. சிரிப்பு காணோம். நாலு நொடி மௌனம் காணோம். "இல்ல... அது வந்து..." என்று இழுத்ததெல்லாம் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. தட்டச்சு செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, எப்படி எழுத வேண்டும் என்று நாங்கள் அரைப் பக்கம்கூட எழுதித் தரவில்லை, பிழையில்லாத தமிழாக ஆக்கித் தருவதுதான் நல்ல வேலை என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் முதல் சுற்று முழுவதையும் இந்தத் துடைத்த பிரதியை வைத்தே முடித்துவிட்டோம்.

முதல் மூன்று பேட்டிகளை இருவரும் சேர்ந்து வாசித்தோம், மீதியைப் பங்கு போட்டுக்கொண்டோம். 214 குறியீடுகள் விழுந்தன. அது ரொம்ப அதிகம் என்று பயந்து, ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து 38-க்குக் கொண்டுவந்தோம். மறதி, மருந்துச் செலவு, பக்கவிளைவு பயம், குடும்ப ஆதரவு, மருத்துவரோடு உறவு, மாற்று மருத்துவம், இப்படி. பெரிய திருப்தி. ஒரு நாள் ஏதோ தேடப்போய் எங்கள் கேள்வித்தாளை எடுத்து இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இரண்டும் ஒன்று. செலவைப் பற்றிக் கேட்டோம், 'செலவு' என்று ஒரு குறியீடு. குடும்பத்தைப் பற்றிக் கேட்டோம், 'குடும்பம்' என்று ஒரு குறியீடு. பேட்டிக் கேள்விகளையே கருப்பொருள்களாக, அதாவது ஆய்வு கண்டுபிடித்த முடிவுகளாகத் தூக்கி வைப்பதை, கருப்பொருள் பகுப்பாய்வு பற்றி வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006-ல் எழுதிய கட்டுரை வெளிப்படையாகவே ஒரு தவறு என்று சொல்கிறது. அதை நான் படித்திருந்தேன், அடிக்கோடும் போட்டிருந்தேன். படிப்பது வேறு, தன் மேஜையில் அதே தவறு உட்கார்ந்திருப்பதைக் கண்டுகொள்வது வேறு போலிருக்கிறது.

அந்தப் பட்டியலில் ராஜா 'மறதி'. 22 பேரில் 17 பேரிடம் அது விழுந்திருந்தது. அறிக்கைக்கான வரைவில் நான் ஒரு பரிந்துரையே எழுதி வைத்துவிட்டேன்: தினமும் ஃபோனில் நினைவூட்டல் அனுப்பலாம். இப்போது அந்த வரியைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

70 சதவீதம் ஒத்துப்போச்சே, அப்புறம் என்ன?

இரண்டு பேரும் ஒரே மாதிரி குறிக்கிறோமா என்று சோதிக்கச் சொன்னார்கள். பேட்டிகளிலிருந்து 100 பேச்சுத் துண்டுகளை எடுத்துத் தனித்தனியாக உட்கார்ந்து 'மறதி' உண்டா இல்லையா என்று குறித்தோம். இருவரும் 'உண்டு' என்றது 20. இருவரும் 'இல்லை' என்றது 50. நான் மட்டும் உண்டு என்றது 22, அவர் மட்டும் உண்டு என்றது 8. ஆக 70 துண்டுகளில் ஒத்துப்போகிறோம். பரவாயில்லையே என்றுதான் தோன்றும்.

ஆனால் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால்கூடச் சில இடங்களில் ஒத்துப்போகத்தான் செய்யும், அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது ஜேக்கப் கோஹென் 1960-ல் கொடுத்த கப்பா அளவின் அடிப்படை. கணக்கு எளிது. நான் 'உண்டு' என்றது மொத்தம் 42, அவர் 28. இருவரும் தற்செயலாக 'உண்டு'வில் சந்திக்க 0.42 பெருக்கல் 0.28, அதாவது 0.1176. 'இல்லை'யில் சந்திக்க 0.58 பெருக்கல் 0.72, அதாவது 0.4176. இரண்டும் சேர்ந்து 0.5352. உண்மையில் ஒத்துப்போன 0.70-லிருந்து இதைக் கழித்தால் 0.1648, அதை 1-லிருந்து 0.5352 கழித்து வரும் 0.4648-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.35. லாண்டிஸ், கோக் இருவரும் 1977-ல் போட்ட அட்டவணைப்படி 0.41-க்கு மேல் போனால்தான் 'மிதமான' ஒப்புதல். நாங்கள் அதற்கும் கீழே. அந்த அட்டவணையின் எல்லைகள் அவர்களாகக் கோடு கிழித்துக்கொண்டவைதான், வேதம் ஒன்றும் இல்லை, என்றாலும் 0.35 என்பதை எந்த அட்டவணையும் காப்பாற்றாது.

இந்த இடத்தில் பலர் செய்வது, உட்கார்ந்து பேசி, யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்து, எண்ணை மேலே ஏற்றுவது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. நான் மட்டும் குறித்த அந்த 22 துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டதுதான் இந்த ஆய்வில் நடந்த ஒரே நல்ல காரியம். அதில் ஒன்று இது, ஒலிப்பதிவிலிருந்து திரும்ப எழுதியது:

"நிறுத்தினது எப்படிங்க ஆரம்பிச்சுது?"
"மறந்துபோச்சுங்க. (சிரிப்பு) ஒரு நாள் மறந்தேன். ரெண்டாவது நாளும்... (நிறுத்தி) ஒண்ணும் ஆகல. சரி, பார்த்துக்கலாம்னு."

நான் மறதி என்று குறித்திருந்தேன். அவர் குறிக்கவில்லை.

"அவரே மறந்துபோச்சுன்னு சொல்றாரு, இல்லன்னு சொல்ல நாம யாருங்க?" என்றேன்.

"அவர் சொன்னதை நான் மறுக்கலைங்க. ரெண்டாவது நாளும் நிஜமாவே மறந்திருந்தா, ஒண்ணும் ஆகலன்னு எப்படிக் கவனிச்சாரு? கவனிச்சிருக்காருன்னா ஞாபகம் இருந்திருக்குன்னுதானே அர்த்தம்."

எனக்குப் பதில் இல்லை. அவர் விடவில்லை. "வார்டுல இருந்தப்போ என்கிட்ட எல்லாரும் 'மறந்துட்டேன் சிஸ்டர்'னுதான் சொல்வாங்க. வேற எதைச் சொன்னாலும் திட்டு விழும்னு அவங்களுக்குத் தெரியும். மறதின்னு சொன்னாத்தான் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

ஆய்வாளரின் பின்னணி கோடிங்கை வளைக்கும், அதனால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வர வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கே அந்தப் பின்னணி இல்லாத நான் ஏமாந்தேன், இருந்தவர் பிடித்தார். அதற்காக அவர் சொல்வதெல்லாம் சரி என்று ஆகாது. எல்லா 'மறந்துட்டேன்'களையும் சாக்கு என்று தள்ளிவிடுகிற பழக்கம் அவருக்கு இருந்தது, அவர் தவறவிட்ட நிஜமான மறதிகளும் இருந்தன. ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

துண்டு போட்டதால் தொலைந்தது

கோடிங் மென்பொருளில் ஒரு குறியீட்டைச் சொடுக்கினால் அது விழுந்த துண்டுகள் எல்லாம் 22 பேட்டிகளிலிருந்தும் வரிசையாக வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கும் என்விவோ, மேக்ஸ்க்யூடிஏ, அட்லஸ்.டிஐ ஆகட்டும், இலவசமாகக் கிடைக்கும் டாகெட், க்வால்கோடர் ஆகட்டும், எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. வசதிதான். ஆனால் அப்படி வெட்டி அடுக்கிய 'மறதி'த் துண்டுகள் எல்லாம் ஒன்றையொன்று ஆமோதித்துக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு துண்டும் அதே ஆள் பத்து நிமிடம் கழித்துச் சொன்னதிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும்.

அதனால் மென்பொருளை மூடிவிட்டு ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தோம். ஆளுக்கு ஒரு வரிசை, விஷயத்துக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் சொன்னதன் சுருக்கம், கூடவே பேட்டியின் எத்தனையாவது நிமிடத்தில் சொன்னார் என்பது. இந்த மாதிரி அட்டவணை போடுவதை 1980-களிலேயே பிரிட்டனில் ஜேன் ரிச்சி, லிஸ் ஸ்பென்சர் ஆகியோர் 'ஃப்ரேம்வொர்க்' என்ற பெயரில் முறைப்படுத்தியிருக்கிறார்கள். நிமிடம் குறித்தது மட்டும் எங்கள் சேர்க்கை, அதுதான் கைகொடுத்தது.

17 பேர் மறதி என்று சொன்னார்களா, அதில் 11 பேர் அதே பேட்டியில் வேறு ஒன்றையும் சொல்லியிருந்தார்கள். "நல்லாத்தானே இருக்கேன்னு சும்மா விட்டுப் பார்த்தேன்." "விருந்தாளி வந்து ரெண்டு நாள் போடல, அப்பவும் தலைசுத்தல் கிலைசுத்தல் எதுவும் இல்ல, அப்போ எதுக்குன்னு தோணுச்சு." இந்த மாதிரி. மறதி என்ற சொல் வந்தது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்துக்குள், இன்னொன்று வந்தது பேட்டி பாதி தாண்டி, ஆள் சகஜமான பிறகு. நம்மை ஆஸ்பத்திரி ஆளாக நினைத்துக்கொண்டிருக்கும்வரை ஒரு பதில், அது இல்லை என்று தெரிந்த பிறகு இன்னொரு பதில். மீதி 6 பேருக்கு அது மறதியேதான், வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களும் அடிக்கடி பயணம் போகிறவர்களும்தான் அதில் அதிகம். ஃபோன் நினைவூட்டல் இந்த 6 பேருக்கு உதவலாம். அந்த 11 பேருக்கு நினைவூட்டல் அனுப்பினால், பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஃபோனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

வினைச்சொல்லில் ஒளிந்திருந்தது

இதற்குள் ஒலிப்பதிவுகளிலிருந்து எழுத்துப்படிகளைத் திருத்தி எழுதியிருந்தோம், சிரிப்பு, மௌனம், 'ங்க' எல்லாம் சேர்த்து. அப்போதுதான் தமிழ் எங்களுக்காகவே வைத்திருந்த ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

'மறந்துட்டேன்' என்றும் சொல்லலாம், 'மறந்துபோச்சு' என்றும் சொல்லலாம். முதலாவதில் 'நான்' இருக்கிறேன், இரண்டாவதில் ஆளே இல்லை, அது தானாக நடந்தது. அதே மாதிரி 'நிறுத்திட்டேன்', 'நின்னுபோச்சு'. 'விட்டுட்டேன்', 'விட்டுப்போச்சு'. இதோடு 'பார்' என்ற துணைவினை சேர்ந்து 'விட்டுப் பார்த்தேன்' என்று வந்தால் அது சோதனை. சாப்பிட்டுப் பார், போய்ப் பார், கேட்டுப் பார் என்பதில் இருக்கிற அதே 'பார்'. மாத்திரையை விட்டேன், என்ன ஆகிறது என்று கவனித்தேன். ஒரே ஆள் பேட்டி தொடங்கும்போது "நின்னுபோச்சுங்க" என்றும் முடியும்போது "விட்டுப் பார்த்தேன்" என்றும் சொன்னால், நடந்த சம்பவம் மாறவில்லை, அதற்குத் தான் பொறுப்பு என்று ஒப்புக்கொள்கிற அளவு மாறியிருக்கிறது. தட்டச்சு செய்தவர் இரண்டையும் 'நிறுத்திவிட்டேன்' ஆக்கியிருந்தார்.

குறியீட்டுக்குப் பெயர்ச்சொல்லைவிட நடக்கிற செயலைப் பெயராக வையுங்கள் என்று சமூகவியலாளர் கேத்தி சார்மாஸ் தன் எழுத்தில் வலியுறுத்தினார். ஆங்கிலத்தில் அதற்கு '-ing' வடிவம், நமக்குத் தொழிற்பெயர் வாசலிலேயே நிற்கிறது. 'மறதி' என்று எழுதியபோது அது ஒரு நோய் மாதிரி, ஒரு பொருள் மாதிரி தாளில் உட்கார்ந்துகொண்டது. அதை உடைத்து 'மறந்துபோதல்', 'விட்டுப் பார்த்தல்', 'மறந்ததாகச் சொல்லுதல்' என்று மூன்றாக்கியபோது மூன்றுக்கும் நடுவே ஒரு ஓட்டம் தெரிந்தது. பலருக்கு நிஜமான மறதியில்தான் தொடங்குகிறது, ஒரு நாள் விட்டுப்போகிறது, ஒன்றும் ஆகவில்லை, அந்த 'ஒன்றும் ஆகவில்லை' மறுநாளைக்கு ஒரு சாட்சியாகிவிடுகிறது, மூன்றாம் நாளிலிருந்து அது சோதனை. விசாரித்தால் மட்டும் பழைய பெயர், மறதி. இப்படி ஒரு துண்டை இன்னொன்றோடு, ஒரு ஆளை இன்னொருவரோடு, ஒரே ஆளின் தொடக்கத்தை முடிவோடு ஒப்பிட்டுக்கொண்டே போவதைத்தான் 1967-ல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் தொடர் ஒப்பீடு என்று அழைத்தார்கள். எங்கள் 38 குறியீட்டுப் பட்டியலில் ஒப்பீடே இல்லை, இடம் ஒதுக்கீடு மட்டும் இருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறிக்கை ஆங்கிலத்தில் போக வேண்டும், ஆகவே முதலிலேயே மொழிபெயர்த்துவிட்டு ஆங்கிலத்தில் கோடிங் செய்யலாம் என்று ஒரு யோசனை இருந்தது. நல்லவேளை செய்யவில்லை. "நாங்க மாத்திரை போட மாட்டோம்" என்பதும் "நாம மாத்திரைய நம்பியே இருந்துட முடியுமா" என்பதும் ஆங்கிலத்தில் ஒரே 'வீ'. முதலாவது என்னை வெளியே நிறுத்துகிறது, இரண்டாவது என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறது.

'சேர்க்காதே' பத்தி

எந்தக் குறியீடு எங்கே விழும் என்று சொல்லும் கோட்புக்கைத் திரும்ப எழுதினோம். முதல் பதிப்பில் குறியீட்டுப் பெயரும் ஒரு வரி விளக்கமும்தான் இருந்தன. 'மறதி: மாத்திரை சாப்பிட மறந்ததாகச் சொல்வது.' இதை வைத்து யார் என்ன செய்ய முடியும்? இரண்டாம் பதிப்பில் ஒரு பதிவு இப்படி இருந்தது:

விட்டுப் பார்த்தல். மாத்திரை இல்லாமல் உடம்பு எப்படி இருக்கிறது என்று கவனித்ததற்கான அடையாளம் பேச்சில் இருக்க வேண்டும்.
சேர்க்க: "ஒண்ணும் ஆகல", "அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு" போன்றவை, மாத்திரையை விட்ட நாட்களைப் பற்றிப் பேசும்போது வந்தால்.
சேர்க்காதே: உடல்நிலை பற்றிய பொதுப் பேச்சு. மருத்துவரே நிறுத்தச் சொன்னது. தீர்ந்துபோய் வாங்காமல் விட்டது, அந்த நாட்களில் கவனித்ததாகச் சொல்லாதவரை.
சந்தேகம் வந்தால்: துண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்.

இதில் மூளையைக் கசக்கியது 'சேர்க்காதே' வரிக்குத்தான். எது வரும் என்று எழுதுவது சுலபம், எது வராது என்று எழுத உட்கார்ந்தால்தான் நமக்கே அந்தக் கருத்து புரியவில்லை என்று தெரிகிறது. மாத்திரை தீர்ந்துபோனது பற்றிய அந்த ஒரு வரிக்காக இரண்டு நாள் சண்டை போட்டோம், அந்தச் சண்டையை மெமோவாக, அதாவது எங்களுக்கான ஒரு குறிப்பாக எழுதி வைத்தோம், அறிக்கையின் ஒரு பகுதியே பிறகு அந்த மெமோவிலிருந்துதான் எழுந்தது.

புதிய 100 துண்டுகளில் 'விட்டுப் பார்த்தல்' குறித்துப் பார்த்தோம். இருவரும் உண்டு 24, இருவரும் இல்லை 64, நான் மட்டும் 7, அவர் மட்டும் 5. கப்பா 0.71. சந்தோஷம்தான், ஆனால் மாதக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து பேசிய இரண்டு பேர் ஒரே மாதிரி குறிக்க ஆரம்பிப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இருவரும் சேர்ந்து ஒரே தவறைச் செய்தாலும் கப்பா ஏறும். பிரவுனும் கிளார்க்கும் தங்கள் வகை ஆய்வுக்கு இந்த எண்ணே பொருந்தாது என்கிறார்கள், வாசிப்பவரின் பார்வை கலந்த வேலையில் இரண்டு பேர் ஒத்துப்போவதைத் தரத்துக்குச் சான்றாக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 0.71 எங்களுக்கு எதையும் நிரூபிக்கவில்லை, 0.35 தான் உபயோகமாக இருந்தது, எங்கே சண்டை போட வேண்டும் என்று அது காட்டிக்கொடுத்தது.

அரிதான குறியீடுகளில் இந்த எண் நம்மைப் பாடாய்ப் படுத்தும் என்பதையும் சொல்ல வேண்டும். தன் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்ததாகச் சொல்லும் இடங்கள் ரொம்பக் கொஞ்சம். 100 துண்டுகளில் இருவரும் உண்டு என்றது 2, இருவரும் இல்லை என்றது 90, ஆளுக்கு 4 தனித்தனி. 92 சதவீதம் ஒத்துப்போகிறது, ஆனால் கப்பா 0.29. பெரும்பாலான துண்டுகள் 'இல்லை' என்பதால் தற்செயல் ஒப்புதலே 0.89 வரை போய்விடுகிறது, கழித்தபின் மிஞ்சுவது சொற்பம். அதற்கெல்லாம் கப்பா போட்டு மனசு உடைய வேண்டாம், அந்தப் பத்துத் துண்டுகளையும் இருவரும் சேர்ந்து வாசித்துவிட்டால் வேலை முடிந்தது.

தேடல் பெட்டியை நம்பி

விட்டுப்போன இடங்களைப் பிடிக்க மென்பொருளில் சொல் தேடிப் பார்த்தோம். 'மறந்து' என்று தேடினால் மறதியும் வராது, மறக்கும் வராது, "நெனப்பே வரல", "ஞாபகம் இல்ல" என்பதெல்லாம் சத்தியமாக வராது. சரி, 'மற' என்று சுருக்கித் தேடுவோம் என்றால் மறுநாள், மறுபடி, மற்றவங்க, மறைச்சு எல்லாம் வந்து கொட்டின. கணினிக்கு 'று' என்பது ஒரே எழுத்து இல்லை, ற-வும் உகரக் குறியும் என இரண்டு துண்டு, புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே, ஆகவே 'மற' என்ற தேடலுக்குள் 'மறு', 'மற்' இரண்டும் அடங்கிவிடும். விகுதி மேல் விகுதி ஒட்டுகிற மொழியில், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் இருக்கும் பேச்சுத் தமிழில், தேடலை வைத்துத் தானாகக் குறியிடுகிற வசதியை நான் இப்போது தொடுவதே இல்லை. ஆள் அடையாளம் நீக்கிய ஒரு துண்டை ஏஐ-யிடமும் கொடுத்துப் பார்த்தோம். பளிச்சென்று பதில் வந்தது: மறதி, செலவு, பக்கவிளைவு. எங்கள் முதல் சுற்றேதான், என்ன, எங்களுக்கு வாரக்கணக்கில் ஆனது அதற்குச் சில நொடிகள்.

எத்தனை பேட்டி போதும் என்ற கேள்விக்கும் இதே ஆய்வில் ஒரு பதில் கிடைத்தது. இரண்டாம் சுற்றில் 13-வது பேட்டிக்குப் பிறகு புதுக் குறியீடு எதுவும் விழவில்லை, மீதியைத் திரும்பக் குறிக்காமல் நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. ஹென்னிங்க், கைசர், மார்கோனி மூவரும் 2017-ல் 25 பேட்டிகளை வைத்து ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள்: குறியீடுகளின் பட்டியல் 9 பேட்டியிலேயே கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது, ஆனால் ஒவ்வொன்றின் உட்பொருளும் பிடிபட 16 முதல் 24 வரை தேவைப்படுகிறது. அந்தத் தைரியத்தில்தான் தொடர்ந்தோம். 19-வது பேட்டியில் ஒருவர், பிரஷர் பார்க்கும் கருவியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, மாத்திரை போட்ட வாரம், போடாத வாரம் என்று ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார். புதுக் குறியீடு எதுவும் தேவைப்படவில்லை, அது 'விட்டுப் பார்த்தல்' தான். ஆனால் அதுவரை நாங்கள் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதற்குப் பிறகு பழைய 18 பேட்டிகளையும் திரும்ப வாசித்தோம், அவர்கள் எதை அளவுகோலாக வைத்துக் கவனித்தார்கள் என்று, தலைசுற்றலா, தூக்கமா, படி ஏறும்போது வாங்கும் மூச்சா என்று.

கடைசிவரை அடங்காத ஒரு குறியீடு உண்டு. 'பார்த்துக்கலாம்.' அவர்கள் சொல்லையே அப்படியே பெயராக வைத்தது. 14 பேரிடம் 31 இடங்களில் வருகிறது. ஒத்திப்போடுதல், நம்பிக்கை, பேச்சை முடித்தல் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தோம், ஒலிப்பதிவைக் கேட்டால் பாதி இடங்களில் மூன்றும் ஒன்றாகவே கேட்கிறது. அந்தச் சொல்லில் எழுவாயும் இல்லை. யார் பார்ப்பது, எப்போது, எதை? ஆங்கில அறிக்கையில் இதற்கு ஒரு சொல் போடச் சொன்னார்கள், அப்படியே ஒலிபெயர்த்துக் கீழே ஒரு பத்தி விளக்கம் எழுதினோம். கோட்புக்கில் அதன் 'சேர்க்க' வரியில் ஏழு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. 'சேர்க்காதே' வரி இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.